புகை பணமாகுமா? சம்பூர் வெயிலும் ஒரு செம்புத் தகடும்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து பகல் சாப்பாட்டுக்குப் பின், கிண்ணியாவில் ஒரு ஹாட்வெயார் கடையின் பின்னறையில் ஏழு பேர் கூடியிருந்தார்கள். நெல் வியாபாரி இருவர், ஐஸ் ஆலை வைத்திருப்பவர் ஒருவர், மீதிப் பேர் சீமெந்து, கம்பி, பலசரக்கு என்று தொழில் செய்பவர்கள். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். மேசையில் பளபளவென்று ஒரு கோப்பு. கொழும்பிலிருந்து வந்த ஒரு கனவான் கொடுத்துவிட்டுப் போனதாம்.

கோப்பில் இருந்தது இதுதான். தொழிற்சாலைப் புகையில் உள்ள காபனீரொட்சைட்டை மின்சாரத்தால் உடைத்து எரிபொருளாகவும் பிளாஸ்டிக் மூலப்பொருளாகவும் மாற்றும் ஆலையொன்று திருமலைத் துறைமுகத்தை ஒட்டி அமையப் போகிறது. சம்பூரில் சூரிய மின்சாரம் வருகிறது, துறைமுகத்தில் புகை இருக்கிறது, நடுவில் வேண்டியது ஒரு இயந்திரமும் அதற்குள் ஒரு உலோகத் தகடும்தான். ஆளுக்கு 25 இலட்சம் ரூபா முற்பங்கு. முதலில் வருபவர்களுக்கு முதலிடம்.

வந்திருந்தவர்களில் ஒரு நெல் வியாபாரி தமது இரண்டு லொறிகளில் ஒன்றை விற்க விலை பேசிவிட்டார். 2022 இல் டீசல் வரிசையில் மூன்று நாள் லொறிக்குள்ளேயே படுத்தெழும்பிய மனிதர் அவர். புகையிலிருந்து எரிபொருள் என்றதும் அவருக்கு ஆசை வந்ததில் வியப்பில்லை. இன்னொருவர், வயதில் இளையவர், இது முழுக்க முழுக்க மோசடி, புகையில் எண்ணெய் வடிக்கிறேன் என்பவன் நாளைக்குக் கடல் தண்ணீரில் பெற்றோல் எடுக்கிறேன் என்பான் என்றார். "நீங்கள் உயர்தரத்தில் இரசாயனம் படித்தவர்தானே, நானா. எது சரி என்று சொல்லுங்கள்" என்று என்னிடம் கேட்டார்கள். படித்தேன், முடிக்கவில்லை என்பதை அவர்களும் அறிவார்கள். ஒரு கிழமை தவணை கேட்டுக்கொண்டு வந்தேன். அங்கே திரும்பிப் போய்ச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். இது மாதிரிக் கோப்புகள் மூதூருக்கும் புல்மோட்டைக்கும் போகாமலா இருக்கும்?

முதலில் அந்த இளையவருக்கு. விஞ்ஞானம் மோசடியல்ல.

காபனீரொட்சைட்டு என்பது எரிந்து முடிந்த சரக்கு. விறகு, டீசல், நிலக்கரி எதை எரித்தாலும் கடைசியில் மிஞ்சுவது அதுதான். சாம்பலைத் திரும்ப விறகாக்க முடியுமா என்று கேட்பது போலத்தான் இந்தக் கேள்வி. முடியும். எரியும்போது வெளியே போன சக்தியைத் திரும்ப உள்ளே போட வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சக்தியை மின்சாரமாகப் போடுகிறார்கள். தண்ணீரும் உப்பும் கலந்த கரைசலில் இரண்டு தகடுகள். ஒன்றுக்குக் காபனீரொட்சைட்டு வாயுவை ஊட்டி மின்சாரம் பாய்ச்சினால் அந்தத் தகட்டின் முகத்தில் வாயு வேறு பொருளாக மாறுகிறது. மறு தகட்டில் ஒட்சிசன் வருகிறது.

அந்தத் தகடுதான் ஊக்கி. நம் பாஷையில் சொன்னால் கமிஷன் வாங்காத தரகர். வாங்குபவரையும் விற்பவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, பேரத்தை முடித்துக் கொடுத்துவிட்டு, தான் எதையும் எடுத்துக்கொள்ளாமல் அடுத்த பேரத்துக்குப் போய்விடும். தரகர் மாறினால் பேரமும் மாறும் என்பதுதான் இதில் சுவாரசியம். ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் யோஷியோ ஹோரி என்ற பேராசிரியர் 1985 இலும் அதற்குப் பிந்திய ஆண்டுகளிலும் உலோகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். ஒரே வாயு, ஒரே கரைசல். தங்கம், வெள்ளி, நாகம் இவற்றில் காபனோரொட்சைட்டு வந்தது. வெள்ளீயம், ஈயம், பிஸ்மத் போன்றவற்றில் போமிக் அமிலத்தின் உப்பு வந்தது. நிக்கல், இரும்பு, பிளாட்டினம் ஆகியவற்றில் காபனை விட்டுவிட்டுத் தண்ணீரிலிருந்து வெறும் ஐதரசன்தான் பெரும்பாலும் வந்தது. செம்பில் மட்டும் மீதேனும் எதிலீனும் கணிசமான அளவில் வந்தன. எதிலீன் என்பது நாம் கடையில் பாவிக்கும் பொலித்தீன் பையின் தாய்ச் சரக்கு.

ஏன் செம்பு மட்டும்? தங்கமும் வெள்ளியும் வந்த சரக்கைக் கையில் வைத்திருக்காது, பாதி வேலை முடிந்ததும் விட்டுவிடும். பிளாட்டினமும் நிக்கலும் பிடித்த பிடியை விடாது, சரக்குத் தேங்கிக் கடை அடைபட்டுப் போகும். செம்பின் பிடி நடுத்தரமானது. அரைகுறையான சரக்கை அடுத்த சரக்கு வரும்வரை கோடவுனில் வைத்திருந்து, இரண்டு காபனையும் சேர்த்து முடித்துக் கொடுக்கும். வியாபாரத்தில் கடன் கொடுப்பவருக்கும் இந்தப் பதம்தான் வேண்டும். இறுக்கினால் ஆள் வராது, தளர்த்தினால் காசு வராது.

செம்பிலும் ஒரு குறை. அது ஒரே நேரத்தில் பத்துக்கு மேற்பட்ட பொருள்களைத் தருகிறது. எதிலீன், மீதேன், எதனோல், போமிக் அமிலம், ஐதரசன் எல்லாம் கலந்து வரும். நெல் குத்தும்போது அரிசி, குறுணல், தவிடு, உமி எல்லாம் ஒரே வாயால் கொட்டினால் எப்படி இருக்கும், அப்படி. ஆகவேதான் 'உலோக ஊக்கி வடிவமைப்பு' என்று ஒரு துறையே வளர்ந்தது. ஒரே செம்பை எந்த முகத்தில் வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரு முகம் எதிலீனையும் இன்னொரு முகம் மீதேனையும் அதிகமாகத் தரும். தச்சருக்கு இது விளங்கும், மரத்தை நீளவாட்டில் அறுப்பதும் குறுக்கே அறுப்பதும் ஒன்றல்ல. 2012 இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் செம்பைச் சூடாக்கிக் களிம்பு பிடிக்க வைத்து, பிறகு அந்தக் களிம்பை மின்சாரத்தால் நீக்கினார்கள். கரடுமுரடான அந்தச் செம்பு குறைந்த மின்னழுத்தத்திலேயே வேலை செய்தது. 2018 இல் கனடாவின் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வில் செம்பைப் பூசி, பாய்ச்சிய மின்னோட்டத்தில் 70 வீதத்தை எதிலீனாக்கினார்கள். 2020 இல் அதே குழு, கணினியை வைத்துப் பல கலவைகளைச் சலித்தெடுத்து, செம்பும் அலுமினியமும் சேர்ந்த கலவையில் அதை 80 வீதமாக்கியது. தங்கத்தில் எவ்வளவு செம்பு கலப்பது என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்குப் பார்த்து வந்த நமது நகைக் கைவினைஞர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். வேலை அதேதான், தராசுதான் நுட்பமானது.

ஆகவே கோப்பில் எழுதியிருந்த இரசாயனத்தில் பொய்யில்லை. எனக்குக் கோபம் வந்தது அதில் எழுதாமல் விட்டதைப் பார்த்துத்தான்.

முதலாவது, மின்மானி. ஒரு கிலோ எதிலீனைக் காபனீரொட்சைட்டிலிருந்து செய்ய, ஒரு துளியும் வீணாகாமல் போனால்கூட ஏறக்குறைய 13 அலகு மின்சாரம் வேண்டும். இது பௌதிக விதி, எந்த ஊக்கியாலும் இதைக் குறைக்க முடியாது. தரகர் பேரத்தைச் சுலபமாக்கலாம், சரக்கின் கொள்விலையைக் குறைக்க முடியாதல்லவா! நடைமுறையில் ஒரு கலத்துக்கு 3 வோல்ற்று கொடுத்து, மின்னோட்டத்தில் 60 வீதம் எதிலீனுக்குப் போகிறது என்று வைத்துக் கணக்குப் பார்த்தேன். கிலோவுக்கு 57 அலகு வருகிறது. சம்பூர் சூரிய மின்சாரத்துக்குப் பேசப்பட்ட விலை அலகுக்கு அமெரிக்க 6 சதத்தை ஒட்டியது. அது தேசிய வலையமைப்புக்கு விற்கும் விலை, நமக்குக் கிடைக்கும் விலையல்ல. அந்த விலைக்கே கிடைத்தாலும் ஒரு கிலோ எதிலீனுக்கு மின்சாரச் செலவு மட்டும் 3 டொலர் 40 சதம். உலகச் சந்தையில் எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் வரும் எதிலீன் சாதாரணமாக ஒரு டொலரை ஒட்டித்தான் விற்கிறது. மூன்று ரூபாவுக்கு வாங்கி ஒரு ரூபாவுக்கு விற்கும் கடையை யார் திறப்பார்?

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். கோப்பில் நாளொன்றுக்கு ஒரு தொன் எதிலீன் என்று இருந்தது. அதற்கு 57,000 அலகு. சம்பூரின் முதற்கட்டம் 50 மெகாவோட். நாளுக்கு ஐந்து மணி நேர முழு வெயில் என்று வைத்தால் இரண்டரை இலட்சம் அலகு கிடைக்கும். அதில் நாலிலொரு பங்குக்குக் கிட்ட ஒரே ஒரு தொன் பொலித்தீன் சரக்குக்காகப் போய்விடும்.

இரண்டாவது, தகட்டின் ஆயுள். ரொறன்ரோக்காரர்கள் 2018 இல் பெருமையாகச் சொன்ன ஓட்டம் 150 மணித்தியாலம். ஒரு கிழமைகூட இல்லை! அரைக்கும் ஆலையின் உருளை ஒரு கிழமையில் தேய்ந்தால் யார் ஆலை நடத்துவார்? பிறகு வந்த கலங்கள் அதைவிடப் பல மடங்கு அதிகமாக ஓடியிருக்கின்றன, வெள்ளித் தகட்டில் காபனோரொட்சைட்டு தரும் கலங்கள் ஆயிரக்கணக்கான மணித்தியாலங்களைத் தாண்டியிருக்கின்றன. ஆனாலும் ஆலை முதலாளி எதிர்பார்ப்பது ஐந்து வருடம், அதாவது 40,000 மணித்தியாலத்துக்கு மேல். செம்பு வேலை செய்யச் செய்ய உருமாறிக் கட்டிபடுகிறது. கரைசலில் உள்ள உப்பு வாயு வரும் நுண்துளைகளை அடைக்கிறது. ஊட்டிய காபனீரொட்சைட்டில் ஒரு பகுதி சரக்காக மாறாமல் காபனேற்று உப்பாகி மறுபக்கம் போய்விடுகிறது. அந்தத் தொந்தரவைக் கோப்பில் ஒரு வரியில்கூடக் காணோம். இதில் சூரிய மின்சாரத்தையும் சேர்த்துப் பாருங்கள். பகலில் ஐந்தாறு மணி நேரம் ஓடி, மீதி நேரம் சும்மா கிடக்கும் இயந்திரம். ஆறு மணி நேரம் திறந்து பதினெட்டு மணி நேரம் பூட்டி வைக்கும் கடைக்கும் வாடகை முழுசாகத்தான்.

மூன்றாவதுதான் பெரிய வேடிக்கை. புகை எங்கே?

துறைமுகத்தில் சீமெந்து ஆலை இருக்கிறது, சீமெந்து ஆலை என்றால் காபனீரொட்சைட்டு என்று கோப்பு சொன்னது. உண்மைதான், உலகில் சீமெந்துத் தொழில் பெருமளவு காபனீரொட்சைட்டை வெளியேற்றுகிறது. ஆனால் அதில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுடும்போது வருவது. திருமலையில் டோக்கியோ சீமெந்து ஆலை செய்வது கிளிங்கரைக் கப்பலில் இறக்கி அரைப்பது. சுடும் வேலை கிளிங்கர் ஏற்றிவந்த நாட்டிலேயே முடிந்து, புகையும் அங்கேயே போய்விட்டது. நம் நாட்டில் கல்லைச் சுடும் சூளை புத்தளத்தில் இருக்கிறது. நாட்டின் மிகப் பெரிய நிலக்கரிப் புகைபோக்கியும் நுரைச்சோலையில், அதே மாவட்டத்தில். சீனன்குடாவில் கோதுமை அரைக்கும் பிறிமா ஆலையிலும் அரைப்புத்தான். டோக்கியோ சீமெந்தின் வளவில் கிளிரிசீடியா விறகு எரித்து மின்சாரம் எடுக்கும் ஒரு நிலையம் உண்டு. புகை என்று கேட்டால் அதைத்தான் காட்டலாம். அந்தப் புகையிலும் காபனீரொட்சைட்டு ஏழில் ஒரு பங்கு இருந்தால் அதிகம், மீதியில் பெரும்பகுதி காற்றிலுள்ள நைதரசன். பிரித்தெடுத்துச் சுத்தம் செய்ய வேறு ஆலை வேண்டும். ஊக்கித் தகட்டுக்குக் கந்தகம் சிறிதளவு பட்டாலே போதும், கெட்டுவிடும்.

இதைச் சொன்னபோது சீமெந்து வியாபாரி ஹாஜியார் வாய்விட்டுச் சிரித்தார். முப்பது வருடமாக அந்த ஆலையின் மூட்டையை விற்கிறேன், இதை யோசிக்கவில்லையே என்றார்.

அப்படியானால் இந்தத் தொழிலே ஆகாதா? அப்படி நான் சொல்லவில்லை. எந்தச் சரக்கு, எங்கே, எந்த மின்சாரத்தில் என்பதுதான் கேள்வி. பக்கத்துக் கரையில் தூத்துக்குடியைப் பாருங்கள். அங்கேயுள்ள அல்கலி கெமிக்கல்ஸ் ஆலை 2016 முதல் தனது நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து காபனீரொட்சைட்டைப் பிடித்துச் சோடாச் சரக்குச் செய்தது. ஆண்டுக்கு 60,000 தொன் பிடிக்கலாம் என்று திட்டம். அரசாங்க மானியம் இல்லாமல் நடந்தது என்பதால் 2017 சனவரியில் உலகச் செய்தியானது. மின்சாரத்தால் மாற்றும் வேலை அங்கே இல்லை, சாதாரண இரசாயனம்தான். அது ஏன் தேறியது? அந்த ஆலைக்குக் காபனீரொட்சைட்டு ஏற்கனவே வேண்டியிருந்தது, காசு கொடுத்து வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். உலகத்தைக் காப்பாற்றுவது எங்கள் யோசனையில் இருக்கவில்லை, நம்பகமாக வாயு கிடைக்க வேண்டியிருந்தது என்ற கருத்தில் ஆலைக்காரர் பி.பி.சி.யிடம் பேசினார். எனக்குப் பிடித்த பதில் அது. வாங்குபவர் முதலிலேயே உள்ளே இருந்தார்.

ஐஸ்லாந்தில் 2012 முதல் ஒரு ஆலை, பூமிக்கடியிலிருந்து வரும் வெப்பத்தால் கிடைக்கும் மலிவு மின்சாரத்தில் தண்ணீரிலிருந்து ஐதரசன் எடுத்து, அதே நிலத்திலிருந்து வெளியாகும் காபனீரொட்சைட்டுடன் சேர்த்து மெதனோல் செய்தது. ஆண்டுக்கு 4,000 தொன் கொள்ளளவு. அங்கே மின்சாரம் இரவு பகல் இல்லாமல் ஓடும். இந்தியாவில் என்.ரி.பி.சி. நிறுவனம் மத்தியப் பிரதேசத்தின் விந்தியாசல் அனல்மின் நிலையத்தில் நாளொன்றுக்கு 20 தொன் காபனீரொட்சைட்டு பிடித்து 10 தொன் மெதனோல் செய்யும் ஆலையை நிறுவி, 2024 நவம்பரில் முதல் மெதனோலை எடுத்தது. இது வியாபாரம் அல்ல, பழகிப் பார்க்கும் வேலை, அதைச் செய்யும் அளவுக்குப் பெரிய கம்பனி அது. பெங்களூரில் ஜவஹர்லால் நேரு உயர் விஞ்ஞான ஆராய்ச்சி நிலையத்தில் பேராசிரியர் செபஸ்டியன் பீட்டரின் குழு இத்தகைய ஊக்கிகளைச் செய்து, 2018 இல் காபன் எக்ஸ்பிரைஸ் என்ற உலகப் போட்டியின் இறுதிச் சுற்றுக்குத் தெரிவானது.

என்.ரி.பி.சி. என்ற பெயர் நம் மாவட்டத்தாருக்குப் புதிதல்ல. சம்பூரில் 500 மெகாவோட் நிலக்கரி மின்நிலையம் கட்ட 2006 இல் மின்சார சபையுடன் உடன்படிக்கை செய்தது இதே நிறுவனம். அந்த ஆண்டுதான் சம்பூர் மக்கள் போரினால் ஊரை விட்டு ஓடினார்கள். மின்நிலையத்துக்கும் கைத்தொழில் வலயத்துக்கும் என்று காணிகள் அடைக்கப்பட்டன. 2015 இலிருந்து ஒரு பகுதி காணி மக்களிடம் திரும்பியது. 2016 செப்டெம்பரில் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டதாக அரசு உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. பத்து வருடம் கடதாசியிலேயே ஓடிய மின்நிலையம்! பிறகு அதே இடத்தில் சூரிய மின்சாரம் என்று 2022 இல் உடன்பாடு, 2025 ஏப்ரல் 5 ஆம் திகதி இந்தியப் பிரதமரும் நமது ஜனாதிபதியும் கொழும்பிலிருந்தபடியே வேலையைத் தொடக்கி வைத்தார்கள். இரண்டு கட்டமும் சேர்ந்து 120 மெகாவோட். அந்தப் பத்து வருடத்தில் நிலக்கரி வரும், துறைமுகம் பெருகும் என்று மூதூர்ப் பக்கம் காணி வாங்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் இந்த ஏழு பேரிலும் இருந்தார். அவர் அன்று அதிகம் பேசவில்லை.

சரி, நமக்குப் பொருந்தும் சரக்கு ஒன்றுகூட இல்லையா என்று ஐஸ் ஆலைக்காரர் கேட்டார். யோசித்துப் பார்த்ததில் ஒன்று அகப்பட்டது. போமிக் அமிலம். வெள்ளீயம் அல்லது பிஸ்மத் தகட்டில் வருவது. கிலோவுக்கு நாலரை அலகு மின்சாரம்தான் ஆகும். எதிலீனின் 57 எங்கே, இது எங்கே! நம் நாட்டில் இதற்கு வாங்குபவரும் உண்டு. இறப்பர்ப் பாலை உறைய வைக்க இந்த அமிலத்தைத்தான் தோட்டங்கள் பாவிக்கின்றன, இறக்குமதிச் சரக்கு. கலத்திலிருந்து வரும் அமிலம் தண்ணீர் கலந்து வரும் என்பது உலகச் சந்தைக்குப் பெரிய குறை, தண்ணீரைப் பிரிப்பது செலவான வேலை. இறப்பர்ப் பாலுக்கோ எப்படியும் தண்ணீர் கலந்துதான் ஊற்றுகிறார்கள். 2019 இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் உப்புக் கலவாத போமிக் அமிலக் கரைசலையே நேரடியாகத் தரும் கலமொன்றைச் செய்து காட்டியது. இப்படிச் சொல்லிக்கொண்டு போகும்போதே நெல் வியாபாரி குறுக்கிட்டார். "இறப்பர் கேகாலையிலும் களுத்துறையிலும் அல்லவா இருக்கிறது, தம்பி? தண்ணீரை லொறியில் ஏற்றிக்கொண்டு கந்தளாய், ஹபரணை என்று போகச் சொல்கிறீரா?" லொறிக்காரர் கேள்வி. எனக்குப் பதில் இல்லை. அந்த ஆலை வருமானால் இறப்பர் மாவட்டத்தில்தான் வர வேண்டும். திருமலைக்கு அதில் பங்கில்லை.

ஆனால் அன்றைய பேச்சில் இன்னொரு விஷயம் வந்தது. எனக்கு அந்தக் கோப்பைவிடப் பெரிதாகப் பட்டது அதுதான். 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக் காலத்தில், பகல் 3 மணி வரை கூரைச் சூரிய மின்சாரத்தை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை பொதுமக்களைக் கேட்டது நினைவிருக்கும். ஆலைகள் பூட்டியிருந்ததால் மின்சாரம் மிஞ்சிவிட்டது. அதற்கு இரண்டு மாதம் முன், பெப்ரவரி 9 ஆம் திகதி, ஒரு ஞாயிறு, நாடே இருண்டது. அன்றும் மத்தியானம் சூரிய மின்சாரம் அதிகமாகவும் பாவனை குறைவாகவும் இருந்த நேரம்தான். டீசலுக்கு டொலர் இல்லாமல் வரிசையில் நின்று மூன்று வருடத்துக்குள், வெயிலில் வந்த மின்சாரத்தை எறிகிறோம். புகையை மாற்றும் இயந்திரத்துக்கு என்றாவது கணக்குச் சரிவருமானால் அது இந்த எறியும் மின்சாரத்தில்தான். அலகு 6 சதத்துக்கு வாங்கினால் ஒருநாளும் வராது.

அதற்கு இன்னும் எத்தனை வருடம் ஆனாலும், எறியும் மின்சாரத்தைப் பாவிக்க இன்றைக்கே நம்மிடம் ஆள் இருக்கிறார்கள். ஐஸ் ஆலை மத்தியானத்தில் முழு வேகத்தில் ஓடலாம், ஐஸைக் கட்டியாக வைத்திருந்து விடியற்காலை கரைக்கு வரும் மீனுக்குக் கொடுக்கலாம். ஐஸ் கட்டியை விட மலிவான மின்கலம் எது? அரிசி ஆலையும் தண்ணீர்ப் பம்பும் குளிர் அறையும் அப்படித்தான். ஆனால் நமது மின் கட்டண முறை நீண்ட காலமாக இரவு 10.30 முதல் காலை 5.30 வரைதான் மலிவு நேரம் என்று வைத்து வந்தது. அது பகலில் சூரிய மின்சாரம் இல்லாத காலத்துக் கணக்கு. மத்தியானத்துக்கு ஒரு மலிவுக் கட்டணம் வேண்டும், சம்பூர் மின்சாரம் வரும் மாவட்டத்துக்கு அதை முதலில் தாருங்கள் என்று கிண்ணியா, மூதூர், திருமலை வர்த்தகர் சங்கங்கள் மூன்றும் ஒரே கடிதத்தில் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் கேட்க வேண்டும். கட்டணத்துக்கு முன் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டங்கள் நடக்கின்றன, நம் ஆட்கள் போவதில்லை. போகாமலிருந்துவிட்டுப் பிறகு பில்லைப் பார்த்துத் திட்டுகிறோம். இதில் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

புல்மோட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த இயந்திரங்களில் ஐதரசன் எடுக்கும் வகைகளிலும் ஒட்சிசன் வரும் பக்கத்தின் சட்டத்துக்கும் வலைக்கும் டைட்டேனியம் பாவிக்கிறார்கள், அந்த அரிப்பைத் தாங்கும் உலோகம் அது. அந்த உலோகத்தின் மண், இல்மனைட், ரூட்டைல் என்று நமது மாவட்டத்துக் கடற்கரையில் கிடக்கிறது. பல்லாண்டுகளாக மண்ணாகவே கப்பலேறுகிறது. டைட்டேனியம் உருக்கும் ஆலையை நாமேழு பேரும் கட்ட முடியாதுதான். ஆனால் இந்த மாவட்டத்தில் உயர்தரத்தில் இரசாயனம் எடுக்கும் பிள்ளைகள் மருத்துவம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கடைக்கு வந்துவிடுகிறார்கள். என் கதையும் அதுதான். பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் இரசாயனம் படித்து, இந்த ஊக்கித் துறைக்குள் போகும் ஒரு பிள்ளைக்கு அந்த ஏழு பேரும் சேர்ந்து படிப்புச் செலவு கொடுத்தால், ஒன்றே முக்கால் கோடி வேண்டாம், லொறியும் விற்க வேண்டாம். பிறகு இந்த மாதிரிக் கோப்பு வந்தால் படித்து முடித்த ஒருவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

கோப்புக் கொடுத்த கனவானிடம் மூன்று கேள்விகள் கேட்கும்படி எழுதிக் கொடுத்தேன். ஒரு கிலோ சரக்குக்கு எத்தனை அலகு, அந்த மின்சாரத்தை என்ன விலைக்கு எழுத்தில் யார் தருவார்? தகடு எத்தனை மணித்தியாலம் ஓடியது, எங்கே ஓடுவதைப் போய்ப் பார்க்கலாம்? புகை யாருடையது, அவர் தருவதாகக் கையெழுத்து வைத்திருக்கிறாரா? வாங்குபவர் யார் என்று நாலாவதாக நெல் வியாபாரியே எழுதிச் சேர்த்தார். கனவான் கேள்விகளைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, பொறியியலாளரிடம் விசாரித்து இரண்டு நாளில் சொல்வதாகச் சொன்னாராம். இதை எழுதும்போது மூன்றாவது கிழமை நடக்கிறது. லொறிக்குப் பேசிய விலையை நெல் வியாபாரி திருப்பிவிட்டார். நேற்றுத் தம்பலகாமத்திலிருந்து நெல் ஏற்றிக்கொண்டு வந்தபோது கையைக் காட்டிவிட்டுப் போனார். ஐஸ் ஆலைக்காரர் கடிதத்தின் முதற்பிரதியை எழுதி வைத்திருக்கிறார், மூதூர்ச் சங்கத்தின் கையொப்பம்தான் இன்னும் வரவில்லை.